அக்கா பையனுக்கு ரேஸ் வேலை: செட்டிபாளையமா, சீமையா, கம்பெனியா, பட்டறையா?

போன வாரம் ராத்திரி ஒம்பது மணிக்கு அக்கா போன் பண்ணுச்சு. "ஏன் தம்பி, உன்ற மாப்ளைக்கு நீயாவது சித்தெ எடுத்துச் சொல்லு, எங்க பேச்சு ஒண்ணும் எடுபட மாட்டேங்குது"ன்னு ஆரம்பிச்சது முக்கா மணி நேரம் ஓடுச்சு. விசயம் இதுதானுங்க. பையன் மெக்கானிக்கல் முடிச்சு எட்டு மாசமாச்சு, படிக்கறப்ப ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் செஞ்ச காலேஜ் டீம்ல சஸ்பென்சன் பார்த்தவன், அதுல இருந்து ரேஸ் சம்பந்தப்பட்ட வேலைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். மச்சானுக்கு அதெல்லாம் ஒரு வேலையாவே தெரியல, சூலூர்ல அவரோட பட்டறையில ரெண்டு விஎம்சி மெசின் (கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தை வெட்டறது) ஓடுது, வந்து அதைப் பாருடாங்கறாரு. அக்காவுக்கு, பையன் வெளிநாடு போனா சொந்தபந்தத்துல நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாமேன்னு ஒரு நப்பாசை.

ஆக நாலு வழி இருக்கு. செட்டிபாளையம் ட்ராக்கை நம்பி இருக்கற லோக்கல் டீம் ஒண்ணுல மெக்கானிக்கா சேர்றது, கடன் வாங்கி இங்கிலாந்துல மோட்டார்ஸ்போர்ட் எம்எஸ்சி படிக்கறது, ஓசூர் சென்னைப் பக்கம் வண்டிக் கம்பெனியில ஆர் அண்ட் டி வேலைக்குப் போறது, இல்லாட்டி அப்பன் பட்டறை. இதுல ஒண்ணுல நான் அடிபட்டவன், ஒண்ணுல இன்னிக்கும் சோறு திங்கறவன் (கணபதியில சின்னதா ஜாப் ஒர்க் யூனிட்). அதனால அவனுக்குச் சொன்னதையே இங்க எழுதறேன், இதே குழப்பத்துல இருக்கற மத்த பசங்களுக்கும் ஆகட்டும்.

முதல்ல ட்ராக். வெளியூர்க்காரங்களுக்கு ரேஸுக்கும் கோயமுத்தூருக்கும் என்னடா சம்பந்தம்னு தோணும், எங்களுக்குத் தோணாது. பம்பு, கிரைண்டர், ஸ்பின்னிங் மெசின்னு காலங்காலமா வார்ப்பு ஊத்தி கடைசல் புடிச்ச ஊருங்க இது, டிராயிங் குடுத்தா சாயங்காலம் பார்ட் கையில இருக்கும். நம்மூரு ரேஸ்காரரு கரிவரதன் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒத்த சீட்டு கார்ல வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஓட விட்டாரு, வெளிநாட்டுக் கார் எறக்க வசதி இல்லாத பசங்களும் ரேஸ் ஓட்ட முடிஞ்சது அப்படித்தான். நம்மூரு நரேன் கார்த்திகேயனும் அந்தக் கார்ல ஆரம்பிச்சவர்தான், 2005ல ஜோர்டன் டீம்ல எஃப் ஒன் (ஃபார்முலா ஒன்) வரைக்கும் போனாரு. கரிவரதன் 1995லயே விமான விபத்துல போயிட்டாரு, அவர் பேர்லதான் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். மாப்ள காலேஜ் டீமோட போன ஃபார்முலா பாரத் நடக்கறதும் அதே எடத்துலதான்.

2004, 2005ல ரெண்டு சீசன் நான் அங்க ஒரு டீம்ல ஹெல்பரா இருந்தேன். வெள்ளிக்கிழமை விடியக்காத்தால அஞ்சரைக்கு டெம்போவுல இருந்து கார் எறக்கறதுல ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை ராத்திரி மறுபடி ஏத்தற வரைக்கும் உக்கார நேரம் இருக்காது. எங்க டீம்ல தலைமை மெக்கானிக்கா ஒரு அண்ணன் இருந்தாரு, பீளமேட்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருந்தவரு, அவர்கிட்ட ஒரே ஒரு சட்டம்தான், எந்த போல்ட்டை டைட் வெச்சாலும் டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவா இறுக்கற ஸ்பேனர்) க்ளிக்குன்னு சத்தம் குடுத்ததுக்கு அப்பறம் மஞ்ச மார்க்கர்ல போல்ட் தலையில இருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் ஒரு கோடு போடோணும், கோடு விலகியிருந்தா போல்ட் கழண்டுட்டு இருக்குன்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சுக்கலாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவசரத்துல நான் முன்பக்கம் ஒரு பிரேக் காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் புடிக்கற பார்ட்) போல்ட்டுக்கு கோட்டை முதல்ல போட்டுட்டு அப்பறமா டைட் வெச்சுக்கலாம்னு நெனச்சு, வேற யாரோ கூப்பிட அங்க போயிட்டேன். ரெண்டு சுத்துல டிரைவர் பையன் கையத் தூக்கிட்டு உள்ள வந்துட்டான், பெடல் அதிருதுன்னான். அண்ணன் வீலைக் கழட்டிப் பார்த்தாரு, போல்ட் மூணு மரை வெளிய வந்திருந்துச்சு. திட்டலைங்க. புது போல்ட் ஒண்ணு மாட்டிட்டு பழசை என் சட்டைப் பாக்கெட்ல போட்டு "திங்கக்கிழமை வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்"னாரு. குனியறப்ப எல்லாம் நெஞ்சுல இடிச்சுட்டே இருந்துச்சு. காலேஜ்ல நாலு வருசம் படிச்சதை விட அந்த மூணு நாள்ல நான் கத்துக்கிட்டது ஜாஸ்தி.

இதையெல்லாம் கேட்டா மாப்ளைக்குக் கண்ணு மின்னுது. ஆனா மத்ததையும் சொல்லோணுமில்ல. நம்ம ஊர் சீசன்னா வருசத்துல கைவிரல் விட்டு எண்ற அளவு ரவுண்டுதான் (ரவுண்டுன்னா ஒரு வாரக் கடைசி ரேஸ்), சில வருசம் பாதி ரவுண்டு சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போயிரும், மத்த நாள்ல சம்பளம்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது. ரவுண்டுக்கு இவ்வளவுன்னு பேசறதுதான் வழக்கம், அதுவும் ஸ்பான்சர் வந்தா வரும், வராட்டி அடுத்த ரவுண்டுல பார்த்துக்கலாம்பாங்க. எனக்கு அந்த டீம்ல மூணு ரவுண்டு காசு இன்னும் வரோணும், இருபது வருசமாச்சு, இனி எங்க வரப்போகுது.

ஒண்ணு மாறியிருக்கு, அது அவனுக்கு சாதகம். எங்க காலத்துல டிரைவர் வந்து "முன்னாடி வழுக்குது அண்ணா"ன்னா அண்ணன் டயரைத் தடவிப் பார்ப்பாரு, ரப்பர் எந்தப் பக்கம் உருண்டிருக்குன்னு பார்த்து காத்தை அரை பாயிண்ட் எறக்குவாரு. இப்ப சின்ன டீம்லயும் டேட்டா லாக்கர் (டிரைவர் எப்ப மிதிச்சான், எப்ப திருப்பினான்னு பதிவு பண்ற பெட்டி) இருக்கு. போன வருசம் ஒரு ரவுண்டுக்கு சும்மா வேடிக்கை பாக்கப் போயிருந்தேன், மாப்ளையும் கூட வந்தான். ஒரு டிரைவர் இதே வழுக்குது பாட்டைப் பாடினான், லேப்டாப்ல பார்த்தா அந்த வளைவுல ஸ்டியரிங் முழுசா திரும்பறதுக்கு முன்னாடியே ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல அமுங்கி இருக்கு, அப்படி மிதிச்சா எடை பின்னாடி போயி முன் டயருக்கு புடிமானம் எங்கிருந்து வரும். கோளாறு கார்ல இல்ல, கால்ல. ஆனா அந்த கிராஃபைப் பார்த்துப் புரிஞ்சுக்கறதுக்கு அந்தக் கொட்டகையில ரெண்டு பேருக்கு மேல ஆளில்ல, வெல்டிங் பண்றதுக்கு பத்து பேர் இருக்காங்க. எல்லாருக்கும் ஒரே கார் ஒரே டயர்ங்கற ரேஸ்ல வித்தியாசம் வர்றதே டயர் பிரசர், கேம்பர் (சக்கரம் மேல கீழ சாயற கோணம்), டோ (சக்கரம் உள்ள வெளிய திரும்பியிருக்கற கோணம்), அப்பறம் டிரைவர் கால், இது நாலுலதான், அதனால கிராஃப் படிக்கத் தெரிஞ்ச பையனுக்கு அங்க மதிப்பு இருக்கு. காசு இருக்கான்னு கேட்டா, அது வேற கேள்வி.

ரெண்டாவது சீமை. பையன் மனசு பூரா அங்கதான் இருக்கு. கத்தார்ல 2023ல மெக்லாரன் 1.80 செகண்ட்ல நாலு டயர் மாத்தின வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பான்னு அவனுக்கே தெரியாது. எஃப் ஒன் டீமுங்க பாதிக்கு மேல இங்கிலாந்துலதான் இருக்குங்கறது நிசம், மெர்சிடிஸ் பிராக்லி, ரெட் புல் மில்டன் கீன்ஸ், மெக்லாரன் வோக்கிங், வில்லியம்ஸ் குரோவ், ஆஸ்டன் மார்ட்டின் சில்வர்ஸ்டோன்னு எல்லாம் காரெடுத்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். எங்க பக்கம் சங்ககிரி லாரிக்கு, திருச்செங்கோடு போர் போடற ரிக்குக்கு, கரூர் பஸ் பாடிக்குன்னு இருக்கற மாதிரி அவங்களுக்கு அந்தச் சுத்து வட்டாரம். கிரான்ஃபீல்ட், ஆக்ஸ்ஃபர்ட் புரூக்ஸ் ரெண்டுலயும் மோட்டார்ஸ்போர்ட்டுக்குன்னே எம்எஸ்சி இருக்கு, ஒரு வருசப் படிப்பு.

கணக்கு போட்டுப் பார்த்தோம் நானும் அவனும். ஃபீஸ், தங்கறது, சாப்பாடு, விசா, டிக்கெட் எல்லாம் சேத்தா 45 லட்சத்துக்குக் குறையாது. மச்சான் சூலூர் இடத்தை அடமானம் வெச்சாத்தான் ஆகும். படிப்பு முடிச்சதும் வேலை தேடறதுக்கு அவங்க குடுக்கற விசா இப்ப ரெண்டு வருசம், 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு ஒன்றரை வருசம்தான். அதுக்கப்பறம் வேலை விசாவுக்கு பொதுவான சம்பள வரம்பு வருசத்துக்கு 41,700 பவுண்டுன்னு 2025ல ஏத்திட்டாங்க, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குக் கொஞ்சம் சலுகை இருக்கு, இருந்தாலும் சின்ன டீம்காரங்க இந்த தலைவலி எதுக்குன்னு உள்ளூர்ப் பையனையே எடுத்துக்குவாங்க.

இது கூட பெரிசில்ல, கடன் வாங்கி ஜெயிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்கு உறுத்தறது வேற. எஃப் ஒன்ல 2021ல இருந்து செலவுக்கு உச்சவரம்பு வெச்சுட்டாங்க, முதல் வருசம் 14.5 கோடி டாலர், அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா எறக்கினாங்க. ரேஸ் நடக்கற எடத்துல காரை நேரடியா ஓட வைக்கற ஆளுங்களுக்கும் எண்ணிக்கை வரம்பு இருக்கு, ஒரு டீமுக்கு அறுபது பேர் கூட வராது. ஃபேக்டரியிலயோ நூத்துக் கணக்குல ஆளு, பெரிய டீம்னா ஆயிரத்துக்குக் கிட்ட. அப்ப மீதி பேர் எங்க இருப்பாங்க? கம்ப்யூட்டர் முன்னாடிதான். ஒருத்தன் வருசம் பூரா முன் இறக்கையில ஒரு மடிப்பை மட்டும் பார்ப்பான். அது மட்டமான வேலைன்னு சொல்லல, அந்த மூளைக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனா மாப்ள கேக்கறது டயர் நாத்தமும் ஸ்பேனரும், அது கிடைக்கும்னு நெனச்சுட்டு 45 லட்சம் கட்டினா ஏமாந்து போயிருவானே.

இதுல என் பழைய கூட்டாளி ஒருத்தனுக்கு வேற கருத்து. ஒரே டீம்ல என் கூட ஹெல்பரா இருந்தவன், இப்ப பொள்ளாச்சியில தேங்கா வியாபாரம். "22 வயசுல போகலைன்னா எப்படா போவான், 27ல கல்யாணம் பண்ணி வெச்சிருவீங்க, அப்பறம் அவனும் நம்மள மாதிரி டீக்கடையில உக்காந்து கதை சொல்லிட்டிருப்பான்"னு கத்தறான். அவன் பேச்சுலயும் ஞாயம் இருக்குதுங்க, அதை நான் தட்டல. நல்ல ஸ்காலர்ஷிப் கிடைச்சா நானே ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போயி விடுவேன். எடத்தை அடமானம் வெச்சுப் போறதுக்குத்தான் கை வர மாட்டேங்குது.

மூணாவது கம்பெனி. இங்க நான் என் மனசை கொஞ்சம் மாத்திக்க வேண்டியதாப் போச்சு. நான் இந்தப் புதுக் காருங்களைப் பார்த்தாலே மூஞ்சியைச் சுளிக்கற ஆளு. ஏசி கூட்டறதுக்கு டச் ஸ்கிரீன்ல மூணு எடத்துல தொடோணும், கண்ணு ரோட்டுல இருக்கோணுமா ஸ்கிரீன்ல இருக்கோணுமா? எலக்ட்ரிக் ஸ்டியரிங்ல ரோடு எப்படி இருக்குதுன்னு கைக்கு ஒண்ணும் தெரியறதில்ல. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பழைய மேனுவல் காரை ரெண்டாவது கியர்ல வெச்சு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டு ஏத்தற சொகம் எந்த ஆட்டோமேட்டிக்ல வரும்னு மணிக்கணக்குல பேசுவேன். (எஃப் ஒன்ல 1989ல ஃபெராரி பேடில் கியர் (ஸ்டியரிங்லயே விரலால தட்டி மாத்தறது) வெச்ச காரை எறக்கி முதல் ரேஸ்லயே அவங்க டிரைவர் மேன்செல் ஜெயிச்சாரு, அப்பவும் என்னை மாதிரி எவனாவது பொலம்பியிருப்பான்.)

தீபாவளிக்கு மச்சான் புதுசா எடுத்த எஸ்யூவியில பல்லடம் ரோட்டுல போனோம், கோடு தாண்டினா தானா திருப்பற வசதியெல்லாம் இருக்கற வண்டி. ஓரத்துல புதுசா தார் போட்டு பழைய வெள்ளைக் கோடு பாதி அழிஞ்சு பாதி தெரியற எடம், முன்னாடி தேங்கா மட்டை ஏத்தின டிராக்டர் போகுது, சைடு வாங்கலாம்னு மச்சான் லேசா ஒடிச்சாரு, ஸ்டியரிங் வெடுக்குன்னு எதிர்ப்பக்கம் இழுத்துச்சு. அக்கா "ஐயோ முருகா"ன்னு கத்துச்சு. நான் பாத்தியா பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்னு ஆரம்பிச்சேன். பின்சீட்டுல இருந்து மாப்ள பொறுமையா, "மாமா, அப்பா இண்டிகேட்டர் போட்டுட்டு திருப்பியிருந்தா அது விட்டிருக்கும், அது ஒண்ணு. ரெண்டாவது, கேமரா அந்த அழிஞ்ச கோட்டை நிசக் கோடுன்னு நெனச்சுருச்சு, நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி இதைப் பழக்கறதுதான் இப்ப இவங்களுக்கு எல்லாம் பெரிய வேலையே"ன்னான். மச்சான் இண்டிகேட்டர் போடலைங்கறதை யாருமே கவனிக்கல, அவன் கவனிச்சிருக்கான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. டிரைவர் தப்பா கார் தப்பான்னு அவன் பிரிச்சுப் பார்த்த விதம் இருக்குதே, ட்ராக்ல அந்த கிராஃபைப் பார்த்த அதே பார்வை.

இந்த மாதிரி வேலைக்கு தமிழ்நாட்டுக்குள்ளயே எடம் இருக்கு. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலி, செய்யாறு பக்கம் அவங்க வண்டிங்களைச் சோதிக்கற ட்ராக், ஓசூர்ல ஏத்தர், போச்சம்பள்ளியில ஓலா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரிங்க. ரேஸ்தான் வேணும்னா ஓசூர்ல டிவிஎஸ் ரேசிங் இருக்கு, 1982ல இருந்து கம்பெனியே நடத்தற டீம், ரேஸ்ல கத்துக்கறது ரோட்டுக்கு வர்ற பைக்குக்குப் போகும், மாசம் பொறந்தா சம்பளம் வரும். பைக்குதானேன்னு மாப்ள மூஞ்சியைத் தூக்கினான். ஏன் கண்ணு, ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் ரெண்டு சக்கரமா நாலு சக்கரமான்னு தெரியுமான்னு கேட்டேன், சிரிச்சுட்டான்.

எலக்ட்ரிக் பக்கத்தையும் அலட்சியம் பண்ண முடியாதுங்க. எஃப் ஒன்லயே 2026 ரூல்படி பவர்ல கிட்டத்தட்ட பாதி எலக்ட்ரிக்ல இருந்துதான், மோட்டார் மட்டும் 350 கிலோவாட். ஹை வோல்டேஜ் பேட்டரியை பயமில்லாம, ஆனா மரியாதையோட கையாளத் தெரிஞ்ச பையன் எங்க போனாலும் பொழைச்சுக்குவான், சஸ்பென்சன் மட்டும் தெரிஞ்சவனுக்கு அந்தத் தைரியத்தை என்னால குடுக்க முடியல. கம்பெனியில எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு. பெரிய எடத்துல நீ பண்ணின தப்பு உன்கிட்ட திரும்பி வர ரெண்டு வருசமாகும், வர்றதுக்குள்ள நீ வேற டிபார்ட்மெண்ட்ல இருப்ப. சட்டைப் பாக்கெட்ல போல்ட் போட்டு விட அங்க ஆளில்ல.

நாலாவது பட்டறை. இதைப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல, மச்சானுக்கு எதிரா எழுதினா நாளைக்கு விருந்துக்குப் போக முடியாது. ஓடற மெசின், பழகின பார்ட்டி, 90 நாள் கழிச்சு வர்ற பேமெண்ட். ரேஸ் பார்ட்ஸ் மட்டும் செஞ்சு பொழைக்கலாம்னு ஒரு காலத்துல நானும் நெனச்சேன், ஒரு வீல் ஹப்புக்கு டிராயிங் பார்த்து புரோகிராம் போட்டு, மெசின்ல பார்ட்டைப் புடிக்க ஃபிக்சர் செஞ்சு முடிக்கறப்ப ஆர்டர் மொத்தமே நாலு பீஸ், அஞ்சாவது பீஸுக்கு அடுத்த வருசம் வருவாங்க. பம்பு பார்ட்டுதான் கரண்ட் பில் கட்டுது. ஆனா ஒண்ணு, பத்து மைக்ரான்னா எவ்வளவுன்னு விரல்ல தெரிஞ்ச இன்ஜினியரும் ஸ்கிரீன்ல மட்டும் பார்த்த இன்ஜினியரும் ஒண்ணில்ல. மாப்ள காலேஜ் கார்ல அப்ரைட் (சக்கரத்தை சஸ்பென்சனோட கோக்கற பார்ட்) உடைஞ்சதுக்குக் காரணமே, மூலையில ரேடியஸ் குடுத்து வளைச்சு விடாம கத்தி மாதிரி விட்டிருந்தான். ஒரு மாசம் விஎம்சியில நின்னிருந்தா எந்த டூல் அந்த மூலைக்குள்ள போகும்னு தெரிஞ்சிருக்கும்.

சரி, நான் என்ன சொன்னேன்? இந்த ஒரு சீசன் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் அப்பன் பட்டறை, ரவுண்டு இருக்கற வாரக் கடைசி ட்ராக். டீம்ல சேர்றப்ப ஸ்பேனர் புடிக்கறேன்னு சொல்லாதே, டேட்டா பார்க்கறேன்னு சொல்லு, ஸ்பேனர் தானா கைக்கு வரும். ரவுண்டுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, சாப்பாடு தங்கறது யார் செலவு, அடிபட்டா ஆஸ்பத்திரி யார் பார்க்கறதுன்னு சேர்றதுக்கு முன்னாடியே வாட்சப்ல எழுதி வாங்கிரு, அண்ணன் தம்பியாப் பழகறவங்கதான் காசு விசயத்துல மறந்துருவாங்க. கூடவே ராத்திரி உக்காந்து பேட்டரி, மோட்டார் கன்ட்ரோல் பத்திப் படி. சீசன் முடிஞ்சதும் கையில ஒரு வருச டேட்டா ஃபைலும் நீயே செஞ்ச நாலு பார்ட்டும் வெச்சுட்டு ஓசூருக்கு அப்ளை பண்ணு. சீமை எங்கயும் ஓடிப் போயிராது, ரெண்டு மூணு வருசம் வேலை பார்த்துட்டுப் போனா அவங்களும் மதிப்பாங்க, அப்பன் எடமும் தப்பிக்கும்.

அவனுக்கு முழுத் திருப்தி இல்லைன்னு தெரியுது. மூணு நாள் பேசாம இருந்துட்டு நேத்து மெசேஜ் போட்டான், தெரிஞ்ச டீம்ல அடுத்த ரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க மாமா, உங்க டார்க் ரெஞ்சை எடுத்துக்கவான்னு. எடுத்துக்க, மார்க்கரை மட்டும் புதுசா வாங்கிக்கன்னேன்.

அது முடிஞ்சு அரை மணி நேரத்துல மறுபடி அக்கா போன். மச்சான் ஒருவழியா சரின்னுட்டாராம். நான் பெருமையா டேட்டா, ஹை வோல்டேஜ், ஓசூர்னு விளக்க ஆரம்பிச்சேன். அக்கா அதையெல்லாம் காதுல வாங்கவே இல்ல.

"அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி, அங்க சோறு நேரத்துக்குப் போடுவாங்களா?"

"போடுவாங்கக்கா. தக்காளி சாதம்."

"சூடா இருக்குமா?"

"இருக்காதுக்கா."